மணிக்கட்டில் இரண்டு விரல்

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. விமான நிலையத்தில் மூன்றாம் எண் ஸ்கேனர் என்னுடையது. பெட்டி பெல்ட்டில் வரும், திரையில் அதன் வயிறு தெரியும், நான் பார்ப்பேன். தேன் பாட்டிலைச் சட்டைக்குள் சுற்றி வைத்தவர்கள், செருப்புக்குள் கத்தி செருகியவர்கள், பார்த்தாலே சாமியார் போல இருந்துகொண்டு பெட்டி நிறைய லைட்டர் கொண்டுவந்தவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே அக்கா. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு.

ஒரே ஒரு பெட்டியை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேன். அது என் புருஷனுடையது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் மகள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே குளிர்பெட்டி கெட்டுப்போனபோது பழுதுபார்க்க வந்தவனைப் பிடித்துப்போய்விட்டது. ஒரு வருஷமாக எனக்குத் தெரியாமல் பழகியிருக்கிறாள். ஒரு வருஷம்! என் கண்ணில் ஒரு நகவெட்டி தப்பாது, இது தப்பியிருக்கிறது. அந்த ஆத்திரமே எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

"அவங்க வீட்டுக்கு வந்து பாரும்மா" என்றாள். "பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் விட்டுடறேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் எங்கிட்ட காட்டாதே."

சொன்னால் செய்கிறவள். என் ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கை நிற்கிறது என்று தெரிந்தும், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் கிளம்பினேன். மறைப்பானேன்.

அவன் ஊர் விமான நிலையத்திலிருந்து நாலே கிலோமீட்டர். கடலோரத்து மீன்பிடி ஊர். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. இரண்டாம் எண் ஸ்கேனர்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் ஒரு பக்கமாகச் சிரித்தார். "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏர்போர்ட். நடுவுல இருக்கறவங்க சும்மாவா இருப்பாங்க? பாத்து நடந்துக்கோங்க" என்றார். இது போதாதா எனக்கு?

காலை முறை முடிந்து நேராகப் போனேன். யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வரச்சொல்லி மகள் கெஞ்சியிருந்தாள். மாற்றவில்லை. வேண்டுமென்றேதான். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தவள் என் தோளில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, "ரெய்டுக்கா வந்திருக்கே?" என்று கேட்டாள்.

"அது உன் பையனைப் பொறுத்தது" என்றேன்.

ஊரை அளந்துகொண்டே நடந்தேன். வீடுகள் சின்னச் சின்னது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் ஜன்னல்களில் மட்டும் விரல் தடிமனுக்குக் கண்ணாடி, அதுவும் இரட்டைக் கண்ணாடி. கதவு இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. ஓட்டை ஓடு மாற்ற வக்கில்லாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு கனமான கண்ணாடி? உள்ளே நடப்பது வெளியே கேட்கக்கூடாது என்றுதானே? என் மூக்கில் வியர்க்கத் தொடங்கிவிட்டது. சட்டைப்பையில் இருந்த டியூட்டி நோட்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். எது கண்ணில் பட்டாலும் மணியோடு குறித்துவைப்பது எங்கள் வேலையில் பழக்கம்.

பையனின் அம்மா மீன் ஏலம் விடுகிறவள். அவளை வீட்டில் பார்ப்பதற்கு முன்னால் ஏலக்கூடத்திலேயே பார்க்க நேர்ந்தது, வழி அதுவாக இருந்ததால். தகரக் கூரை, ஈரத் தரை, பிளாஸ்டிக் கூடைகள், ஐஸ் உருகி ஓடும் வாய்க்கால். நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பருத்த அம்மாள் கவிழ்த்த பெட்டிமேல் நின்று ஊரையே கூப்பிடுகிற குரலில் கத்திக்கொண்டிருந்தாள்.

"எட்டாவது கூடை! பாருங்க, கண்ணைப் பாருங்க, இன்னும் முழிச்சிக்கிட்டு இருக்கு! கேளுங்க கேளுங்க, யாருப்பா மேல..."

அப்படியே நின்றுவிட்டாள். கை தூக்கியபடி, வாய் திறந்தபடி. அவள் மட்டுமல்ல, சுற்றி நின்ற அறுபது எழுபது பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் பக்கத்து ஆளின் கையைத் தொட்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் என் தோள்பட்டையைப் பார்த்தேன். யூனிஃபார்ம்! என்னைப் பார்த்துத்தான் அடங்கிவிட்டார்கள்.

அரை நிமிஷம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "...கேக்கறது?" என்று விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். கூட்டம் மறுபடி இரைந்தது. நான் நோட்டில் குறித்தேன். 11.20.

ஏலம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வாங்க சம்பந்தியம்மா!"

"இன்னும் சம்பந்தம் ஆகல" என்றேன்.

"ஆயிடும் ஆயிடும்" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று பார்த்தேன். மீன் செதில்தான் இருந்தது, கன்னத்தில்.

"என்னைப் பாத்ததும் ஏன் ஏலத்தை நிறுத்தினீங்க?"

"நானா? எப்ப நிறுத்தினேன்?"

"இப்பதான். அரை நிமிஷம்."

அவள் திருதிருவென்று விழித்தாள். "இல்லியே. ஒரே மூச்சா விட்டு முடிச்சேனே." பக்கத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "ஏம்ப்பா, நான் நிறுத்தினேனா?" என்று கேட்டாள். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

எழுபது பேர் சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறார்கள். என் மகளைப் பார்த்தேன். அவளும் அதே முகத்தோடு நின்றாள்.

வீடு ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால். அந்த ஃபாக்டரியில்தான் பையனுக்கு வேலை, குளிரூட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்வது. வெளி வேலைக்கும் போவானாம். ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக, பார்க்க அப்பாவி மாதிரி இருந்தான். அப்பாவி மாதிரி இருக்கிறவர்களைப் பற்றி என்னிடம் கேட்கவேண்டும். அவன் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். நகக்கண்ணில் கருப்பு, பேச்சு குறைவு. எனக்கு நல்ல நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடத்தில் ஒரு மேஜை, சுவரில் கடிகாரம், சாமான் வைக்கும் அலமாரி. அலமாரித் தட்டு முழுக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடி டம்ளருக்கும் அடியில் ரப்பர் வளையம். டம்ளருக்கு எதற்கு டயர்? கேட்கவில்லை. முதலில் பையனை விசாரிக்கவேண்டும்.

டீ வந்தது, பிஸ்கட் வந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் வந்ததே.

"வெளிநாட்டுக்குப் போற எண்ணம் ஏதாவது உண்டா?"

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அப்பா டீயை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி உறைந்துபோனார். அம்மா எழுந்து போய் அலமாரி டம்ளர்கள்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் மேஜைமேல் கையை நீட்டி அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தான். அவ்வளவுதான், அவள் கப்சிப்.

கடிகாரத்தின் முள் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அரை நிமிஷம் கழித்து, "இல்ல அத்தை. அப்படி எதுவும் இல்ல" என்றான். "பாஸ்போர்ட்டே கிடையாது எனக்கு. பிளேன்ல ஏறினதே இல்ல."

இல்லை என்று சொல்ல ஒருத்தனுக்கு அரை நிமிஷம் எதற்கு? நோட்டில் எழுதினேன். 11.45. அதன் கீழே, 'இரண்டு விரல்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

இப்போது என் புருஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. வெளிநாட்டில் இரண்டு வாரம் வேலை என்று கிளம்பினார். வழியனுப்ப வேண்டாம், நீ டியூட்டியில்தானே இருப்பாய், உன் பெல்ட்டிலேயே வருகிறேன் என்றார். வந்தார். பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திரையில் பார்த்தேன். மூன்று ஜோடி ஷூ. அவருடைய சான்றிதழ் ஃபைலின் இரும்புக் கிளிப். எங்கள் வீட்டு அலாரம் கடிகாரம். இரண்டு வாரத்துக்குப் போகிறவனுக்கு எதற்குச் சான்றிதழ்? எதற்கு வீட்டுக் கடிகாரம்? கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. மேலதிகாரி பக்கத்தில் நின்றார். வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். அவர் வரவேயில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகளைச் சமையலறைப் பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அவன் எதுக்குடி உன் கையைத் தொட்டு வாயை அடைக்கறான்?"

"யாரும்மா அடைச்சா?"

"நீ பேச வந்தே. அவன் விரலை வச்சான். நீ அடங்கிட்டே. கல்யாணத்துக்கு முன்னாலயே இப்படின்னா பின்னால வாயைத் தைச்சே போடுவான்."

"அய்யோ, அவன் அப்படி இல்லம்மா."

"வெளிநாடு போறியான்னு கேட்டேன். குடும்பமே ஊமையாயிடுச்சு. என்னத்தை மறைக்கறாங்க? உனக்குத் தெரியும். நீயும் கூட்டு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் கண்தான் கலங்கும். "நீ என்னிக்குத்தான் யாரையாவது நம்பியிருக்கே? அப்பா போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? சின்ன வயசுலேருந்து என் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிப் பாத்தே, டைரியைப் பாத்தே, நான் உங்கிட்ட எதையாவது..."

நிறுத்திவிட்டாள். கண் கூரைப்பக்கம் போனது. அப்புறம், நீங்கள் நம்பமாட்டீர்கள், என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள்.

நான் பெற்ற பெண் என்னையே அடக்குகிறாள்! அவள் கையை உதறித் தள்ளினேன். அடிபட்டவள் மாதிரி பின்னால் நகர்ந்தாள். அவள் சொல்ல வந்ததை அதற்குப் பிறகு சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நோட்டை எடுத்தேன். 12.05.

அப்போதே எழுந்து வந்திருப்பேன். சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டாள் ஏலக்காரி. அவளிடம் வேண்டாம் என்று சொல்லி ஜெயிக்க இன்னொரு ஏலக்காரி வேண்டும். சோறு, வறுத்த மீன். மீன் அருமையாக இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அவள் தன் மகன் சின்ன வயதில் ஐஸ் கட்டியை நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிய கதையைச் சொன்னாள். என் மகள் சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள்.

"...இழுத்தா நாக்கு வருது, ஐஸ் வரல. இவரு ஓடிவந்து வெந்நீரைத் தூக்கி..."

மறுபடியும். அம்மா எழாமலேயே கையை நீட்டி மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர்களை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கை சோற்றில் நின்றது. பையனின் இரண்டு விரல் என் மகள் மணிக்கட்டுக்குப் போனது.

எனக்குத் தாங்கவில்லை. தட்டைத் தள்ளினேன். "போதும்! கையை எடுப்பா!"

யாரும் அசையவில்லை. அவன் என்னைப் பார்த்தான், பயந்துபோன முகத்தோடு. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அந்த அரை நிமிஷமும் முடிந்த பிறகுதான் எடுத்தான்.

"என்னாச்சு சம்பந்தியம்மா? மீன்ல முள்ளா?" என்றாள் ஏலக்காரி.

"முள்ளு உங்க வாயில இருக்கு" என்றேன். "நான் இந்த ஊருக்குள்ள கால் வச்சதிலேருந்து நாலு தடவை எல்லாரும் ஒண்ணா வாயை மூடறீங்க. ஒருத்தர் டம்ளரைப் பிடிக்கறீங்க, ஒருத்தர் என் பொண்ணு வாயை அடைக்கறீங்க. கேட்டா எப்ப நிறுத்தினோம்ங்கறீங்க. இருபத்தாறு வருஷமா பொய்யைப் படம் பிடிச்சுப் பாக்கறவ நான். எங்கிட்டயேவா? எல்லாத்தையும் மணியோட எழுதி வச்சிருக்கேன். கேளுங்க."

நோட்டைப் பிரித்தேன். குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி குரலை உயர்த்தி வாசித்தேன்.

"பதினொண்ணு இருபது. பதினொண்ணு நாப்பத்தஞ்சு. பன்னெண்டு அஞ்சு. இப்ப..." கடிகாரத்தைப் பார்த்தேன். "பன்னெண்டு நாப்பது."

வாசித்து முடித்ததும் என் வாய்க்கு ஏதோ போலிருந்தது. தெரிந்த பாட்டை வேறு இடத்தில் கேட்டது மாதிரி. மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். பதினொன்று இருபது, நாற்பத்தைந்து, பன்னிரண்டு ஐந்து, நாற்பது. இதை நான் தினமும் சொல்கிறேன். பெட்டிகள் எந்த வரிசையில் வரும் என்பதற்காக, காலை முறையில் உட்காரும்போதெல்லாம் சொல்கிறேன். எங்கள் விமான நிலையத்தில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் விமானங்களே ஐந்துதான், எல்லாம் பகலில். அதில் நாலு இவை.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இங்க... மேல பிளேன் போகுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றாள் ஏலக்காரி. "கூரையை உரசிக்கிட்டுல்ல போகும்! தட்டு குதிக்கும், ஜன்னல் ஆடும். பக்கத்துல இருக்கறவன் செத்தேன்னு கத்தினாலும் காதுல விழாது."

"காலையிலேருந்து ஒண்ணுகூடப் போகலியே."

"ஓடுபாதையை மூடி ஒன்பது நாள் ஆச்சே" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. "தார் போடறாங்க. இப்ப எல்லாம் அந்தப் பக்கத்து ஓடுபாதையில ஏறி மலைப்பக்கம் போயிடுது. ஊரே நிம்மதியா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இந்தத் தடவை விமானத்துக்காக இல்லை. மனைவியைப் பார்த்தார். "ஏய். நாம இன்னும் நிறுத்திக்கிட்டா இருக்கோம்?"

ஏலக்காரி வாயில் கையை வைத்தாள். தன் இன்னொரு கையைப் பார்த்தாள். அது இன்னும் டம்ளர்களை வளைத்துக்கொண்டிருந்தது. பாம்பைத் தொட்ட மாதிரி எடுத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடக் கடவுளே! ஏலக்கூடத்துலயுமா? எழுபது பேருமா? போகாத பிளேனுக்கு வாயை மூடிக்கிட்டு நின்னோமா?"

சுற்றறிக்கை போன வாரமே எனக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஜன்னல் இல்லாத கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்த ஓடுபாதையாக இருந்தால் என்ன? இருபத்தாறு வருஷமாக நான் ஏற்றி அனுப்பிய பெட்டி எல்லாம் இவர்கள் தலைக்கு மேலேதான் போயிருக்கிறது. அது சத்தம் போடும் என்றுகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. இரட்டைக் கண்ணாடியும் டம்ளருக்கு டயரும் எதற்கென்று இப்போது ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பன்னிரண்டு நாற்பது என்னை ஏதோ செய்தது. கம்பெனி மாறியிருக்கிறது, விமானம் மாறியிருக்கிறது, அந்த நேரம் மட்டும் மாறவில்லை. என் புருஷன் போனது அதில்தான். எனக்குத் தெரியாத ஒரு வீட்டில், அந்த நேரத்துக்குச் சோற்றில் கைவைத்தபடி இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? மிச்சமிருந்த ஒரு பெட்டியைத் திறக்காமல் எழுந்திருக்க என்னால் முடியாது.

"அந்த விரல்?" என்று கேட்டேன். "அதுக்கு என்ன அர்த்தம்?"

பையன் தன் விரலைப் பார்த்தான். பெரிய காது இரண்டும் சிவந்துவிட்டது. "அது வந்து அத்தை, பேசிக்கிட்டு இருக்கும்போது சத்தம் வந்துடும். பாதியில நின்னுடுதா, எதிர்ல இருக்கறவங்க முடிஞ்சுதுன்னு நெனச்சு எழுந்து போயிடுவாங்க. அப்புறம் அந்தப் பேச்சு அப்படியே போயிடும். அதனால இப்படி வைப்போம். 'இருங்க, போயிடாதீங்க, இன்னும் முடியல'ன்னு."

"சண்டைன்னா ரொம்ப முக்கியம்" என்றாள் ஏலக்காரி. "பாதிச் சண்டையில விரல் வைக்காம எழுந்து போனா அதுதான் இந்த ஊர்ல பெரிய மரியாதைக் குறைவு."

"பேசறவங்கதான் வைப்பாங்களா?"

"கேக்கறவங்களும் வைப்பாங்க" என்றான். "அவ ஏதோ சொல்ல வந்தா. நான் கேக்கத்தான் இருக்கேன்னு வச்சேன்."

நான் என் மகளைப் பார்த்தேன். ஒரு வருஷமாக இங்கே வந்துபோனதில் அவளுக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சமையலறையில் என் கையில் விரலை வைத்தாளே. அழுதுகொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள், போய்விடாதே, இன்னும் முடியவில்லை என்று வைத்திருக்கிறாள். நான் உதறியிருக்கிறேன். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டியை எடுத்துக்கொண்டு போன மனுஷன் கையில் வைப்பதற்கு எனக்கு இப்படி ஒன்று தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். வைத்திருந்தால் நின்றிருப்பாரா? நின்றிருக்கமாட்டார். ஆனால் நான் கேட்டிருப்பேன்.

தட்டுகளை எடுத்தார்கள். மறுபடி டீ வந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏலக்காரி மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். கடைசியில் அவளே மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தாள்.

"சரி சம்பந்தியம்மா. சுத்தி வளைக்கறது எனக்கு வராது. பாத்தீங்க, விசாரிச்சீங்க, மணி போட்டு எழுதிக்கூட வச்சிட்டீங்க. என்ன சொல்றீங்க?"

பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா ஆடுகிற நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். என் மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து மேஜையில் இல்லாத ஒரு கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியும். என் வாயிலிருந்து வேண்டாம் என்று வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு பஸ் ஏறுவாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுவாள். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் என்னோடு நல்லபடியாகவே பேசுவாள், ஆனால் எதையும் சொல்லமாட்டாள்.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன்" என்று ஆரம்பித்தேன். "என் பொண்ணு விஷயத்துல நான்..."

நின்றுவிட்டது.

கடிகாரத்தில் மணி ஒன்று பதினைந்து. ஐந்தாவது விமானம். ஏலக்காரியின் கை டம்ளருக்குப் போனது. போகிறது என்று அவளுக்கே தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியும் பிடித்துக்கொண்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். பையன் மூச்சைப் பிடித்து நின்றான். ஒரு காக்கா கத்துவது கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் நிறுத்தினால் சரி. நான் ஏன் நிறுத்தினேன்? எனக்குத் தெரியாது. வாய் தானாக மூடிக்கொண்டது.

என் மகளுக்கு மட்டும் அது வேறு மாதிரி தோன்றிவிட்டது. நான் பாதியில் நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபத்தைந்து வருஷமாகப் பார்த்தவள் அவள். முகம் வெளுத்துப்போயிற்று. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

நான் கையை நீட்டி அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். விரலுக்கடியில் அவள் நாடி ஓடுவது தெரிந்தது, சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பிடித்துப் பார்த்த அதே நாடி. விமானம் போகட்டும் என்று ஐந்து பேரும் காத்துக்கொண்டிருந்தோம். அது வேறு எங்கேயோ மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

போய் முடிந்திருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றிய பிறகு, "தேதி குறிங்க" என்றேன். "ஓடுபாதை திறக்க இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சா நல்லது."

ஏலக்காரி மேஜையை ஓங்கித் தட்டினாள். டம்ளர்கள் குதித்தன. நான் மகளின் பக்கம் திரும்பி, விரலை எடுக்காமலேயே, "சமையல்கட்டுல ஏதோ சொல்ல வந்தியே, பாதியில நிறுத்திட்டே" என்றேன். "சொல்லு. கேக்கறேன்."